கோவையில் எங்கே தங்குவது? நம் பிள்ளைகளிடம் மட்டும் வீடுகள் கேட்கும் கேள்வி

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் எங்கள் கைபேசிகளுக்கு ஓய்வு கிடையாது. "அண்ணா, பாரதியார் யுனிவர்சிட்டில சீட் கிடைச்சிருச்சுங்ணா. வடவள்ளிப் பக்கம் ரூம் கிடைக்குங்ளா?" "அக்கா, பீளமேட்டுல லேடீஸ் ஹாஸ்டல் எது பரவால்லீங்க்கா?" தாராபுரம், கோபி, ராசிபுரம், உடுமலை என்று கொங்கு மண்டலம் முழுவதிலிருந்தும் அழைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் வீட்டின் முதல் பட்டதாரிகள். இடம் கிடைத்த மகிழ்ச்சி குரலில் தெரியும். ஆனால் பேச்சு முடிவதற்குள் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கும். "அங்கெல்லாம் கேப்பாங்களாண்ணா?"

என்ன கேட்பார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. நாங்களும் விளக்கம் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம்தான்.

கோவையில் தங்க இடம் தேடுவோருக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. எந்தப் பகுதியில் சிறுவாணித் தண்ணீர் வரும், எங்கிருந்து பேருந்து அதிகம், எந்த மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும், அட்வான்ஸ் எவ்வளவு என்றெல்லாம் சொல்ல ஆளிருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்றால் லாலி ரோடு, பொறியியல் கல்லூரிகள் என்றால் ஹோப் காலேஜ், பீளமேடு, ஐ.டி. வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் சரவணம்பட்டி. எல்லாம் பயனுள்ள தகவல்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதற்கெல்லாம் முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

கேள்வி எப்படி வருகிறது

கொங்கு மண் மரியாதைக்குப் பேர்போனது. "நீ என்ன சாதி?" என்று யாரும் முகத்துக்கு நேராகக் கேட்க மாட்டார்கள். "வாங்க தம்பி, உக்காருங்க" என்பார்கள். பிறகு, "எந்த ஊருங்க தம்பி?" ஊர் பேரைச் சொன்னால், "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" அடுத்தது, "அப்பா என்ன பண்றாருங்க? தோட்டம் இருக்குதுங்களா?" அதிலும் பிடிபடவில்லை என்றால், "குலதெய்வம் எதுங்க?" கொங்கில் கூட்டமும் குலக்கோயிலும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். கடைசியில், "நாங்க சைவமுங்க, நீங்க எப்படி?"

இதையெல்லாம் தாண்டினாலும் ஆதார் நகல் கேட்பார்கள். அதில் முகவரி இருக்கிறது. காலனி என்றோ, ஆதிதிராவிடர் தெரு என்றோ, அம்பேத்கர் நகர் என்றோ இருந்தால் போதும். "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றனுங்க" என்று வழியனுப்புவார்கள். அந்த போன் வராது. இரண்டு நாள் கழித்து நாமே அழைத்தால், "நேத்துதான் ஒரு ஃபேமிலி அட்வான்ஸ் குடுத்துட்டாங்க தம்பி" என்பார்கள். டூ-லெட் பலகை மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

யாரும் திட்டவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். புகார் கொடுக்கப் போனால் எதைச் சொல்வது? இதுதான் நகரத்துத் தீண்டாமையின் வேலை நுட்பம்.

இது எங்கள் மனப்பிரமை இல்லை. சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வாளர்கள் தில்லி தலைநகர் வட்டாரத்தில் வாடகை வீடு கேட்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் அது வெளிவந்தது. ஆதிக்க சாதி அடையாளத்தோடு கேட்டவர்களுக்குத் திறந்த கதவு, தலித் என்று தெரிந்தவர்களுக்குப் பல இடங்களில் மூடியது. இஸ்லாமியர்களுக்கு இன்னும் அதிகமாக மூடியது. ஒரே வாடகை, ஒரே வேலை, பெயர் மட்டும்தான் வேறு.

இதே ஊரில் ஒரு மாணவர்

ரெட்டமலை சீனிவாசனை நமக்கெல்லாம் தெரியும். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு உட்கார்ந்து நம் உரிமையைப் பேசியவர். ஆனால் அவர் படித்தது இந்தக் கோயம்புத்தூரில் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.

செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்தவர், 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலாண்டில் கோயம்புத்தூர் கலாசாலையில் சேர்ந்தார். ஏறத்தாழ 400 மாணவர்கள். 10 பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி, குடும்பம், குடியிருக்கும் இடம் ஆகியவை தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்கள் என்ற பயத்தில், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் யாரும் எட்டிப் பிடித்துவிடாதபடி வேகவேகமாக நடந்து வீடு போய்ச் சேர்வார். சக பிள்ளைகளோடு விளையாட முடியாத கொடுமையை எண்ணி எண்ணிக் கலங்கியதை, 1939இல் வெளியான தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அவர் மறைத்தவற்றில் மூன்றாவதைக் கவனியுங்கள். குடியிருக்கும் இடம். சாதியைச் சொல்லாமல் இருந்துவிடலாம். எங்கே தங்கியிருக்கிறோம் என்று தெரிந்தால் சாதி தானாகத் தெரிந்துவிடும். இன்று ஆதார் நகலை நீட்டும்போது நம் தம்பியின் கை தயங்குவதற்கும் அதே காரணம்தான். அன்று வகுப்பறையில் பிராமணர் ஆதிக்கம். இன்று வாடகை வீடுகளின் சாவி பெரும்பாலும் நிலவுடைமை இடைநிலைச் சாதிகளிடம். ஆள் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

நம் பெற்றோரும் அதே வேகநடையைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். "யார்கிட்டயும் பேசாத கண்ணு. ரூமு, காலேஜு, அவ்வளவுதான்." இதைக் கோழைத்தனம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2015இல் கோகுல்ராஜ் பொறியியல் முடித்த இளைஞர். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டப்பட்ட சங்கர் பொறியியல் மாணவர். இரண்டும் இந்த மண்டலத்தில்தான் நடந்தன. பிள்ளையைப் படிக்க அனுப்பும் ஒவ்வொரு அம்மாவின் நெஞ்சிலும் அந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

மறைத்துத் தங்கலாமா?

1917இல் அம்பேத்கர், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசுப் பணியில் சேரப் போனார். அவ்வளவு பெரிய ஊரில் தங்க இடமில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவு செய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. கெடு வைத்து வெளியேறச் சொன்னது. இந்து நண்பர் ஒருவரையும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரையும் நாடினார். ஒருவர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர், மனைவியிடம் கேட்க வேண்டும் என்றார். காமாத்தி பாக் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றிரவே பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

இதை நாங்கள் ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களிடம் சொல்வோம். சொல்லிவிட்டு, சில ஆண்டுகள் வரை ஒரு தவறான அறிவுரையும் கொடுத்துவந்தோம். "முதல்ல ரூமைப் புடி. எதுவும் சொல்ல வேண்டாம். உள்ள போயிட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

எங்கள் பேச்சைக் கேட்டு ஒரு தங்கை அப்படித்தான் போனாள். நல்ல வீடு, மாடியில் ஓர் அறை. வீட்டுக்கார அம்மாவும் "அம்மணி, அம்மணி" என்று பாசமாக இருந்தார். மூன்றாம் மாதம் ஊரிலிருந்து அவளுடைய அப்பாவும் அத்தையும் பார்க்க வந்தார்கள். பேச்சுவாக்கில் ஊரும் தெருவும் வெளியே வந்தன. அன்று சாயந்திரமே, "மகன் வெளிநாட்டுல இருந்து வர்றான் அம்மணி, ரூம் வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் பெட்டியோடு எங்களிடம் வந்தபோது அழவில்லை. "நீங்க சொன்னதாலதானே போனேன்" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்த அறிவுரையைச் சொல்வதில்லை. மறைப்பது மாணவரின் குற்றம் இல்லை. மறைக்க வைப்பவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். தலைக்கு மேல் கூரை வேண்டி மறைப்பவரை வீரம் பேசும் யாரும் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் மறைத்துத் தங்கும் அறையில் படிப்பு ஓடாது. ஊரிலிருந்து யாரும் வரக் கூடாது. அலமாரியில் அம்பேத்கர் படம் வைக்க முடியாது. மாட்டுக்கறி வாசம் வரக் கூடாது. கைபேசியில் அம்மாவோடு பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்த வேண்டும். மூன்று ஆண்டு இப்படி ஒரு பிள்ளையைத் தனியாக விடுவதற்கு அறிவுரை என்று பெயர் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

விடுதி ஏன் முதல் தேர்வு

அதனால் இப்போது நாங்கள் முதலில் கேட்பது, "விடுதிக்கு மனுப் போட்டாச்சா?" என்றுதான். கல்லூரி விடுதி, இல்லையென்றால் அரசு நலத்துறை விடுதி. இதைக் கேட்டதும் சில முகங்கள் சுருங்கும். "அங்க போனா எல்லாருக்கும் தெரிஞ்சிருமேண்ணா." "வசதி இல்லாதவங்கதானே அங்க இருப்பாங்க." இந்த எண்ணத்தை உடைக்க வேண்டியிருக்கிறது.

விடுதி நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. நம் இயக்கத்தின் முதல் வேலைகளில் ஒன்று. கோலாப்பூரில் சாகு மகாராஜ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு விடுதிகள் திறந்தார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் வழி செய்தார். 1924இல் அம்பேத்கர் 'பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபா'வைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் அது மாணவர் விடுதி நடத்தியது. பள்ளி மட்டும் போதாது, தங்க இடம் இல்லாமல் படிப்பு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்காக விடுதிகளைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டோம். 2023இல் தமிழக அரசு கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுத் தொகையை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தியது. வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. கோவையில் ஒரு சாதாரண மெஸ்ஸில் ஒரு வேளை மதியச் சாப்பாட்டுக்கே அது போதாது. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இரண்டையும் வரவேற்கிறோம். வாடகை வீட்டு வாசலில் நம்மைக் காட்டிக்கொடுத்த சொல் அது, போகட்டும். ஆனால் பலகையில் எழுத்து மாறினால் தட்டில் சோறு கூடாது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வராது. படிக்க மேசை வராது. பெயரில் நீதி வைத்தவர்களிடம் தட்டிலும் நீதி கேட்போம்.

கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் விடுதியும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் மேல்தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை 2007இல் தோரட் குழு அம்பலப்படுத்தியது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்தில் திறந்த வெளியில் 'வெலிவாடா' அமைத்துத் தூங்கினார்கள். வெலிவாடா என்றால் ஊருக்கு வெளியே உள்ள சேரி. 2016 ஜனவரி 17 அன்று நாம் ரோகித்தை இழந்தோம். ஒரு மாணவரைப் படிப்பிலிருந்து விரட்ட வகுப்பறையைப் பூட்ட வேண்டியதில்லை, தங்கும் அறையைப் பூட்டினால் போதும்.

அப்படியிருந்தும் விடுதியை ஏன் முதலில் சொல்கிறோம்? விடுதியில் கேள்வி கேட்கலாம். கூட்டமாகக் கேட்கலாம். காப்பாளர் இருக்கிறார், துறை இருக்கிறது, ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாடி அறையில் தனியாக இருப்பவர் யாரிடம் கேட்பது?

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15(2) பிரிவு கடை, உணவகம், தங்கும் ஓட்டல் போன்ற இடங்களில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவை நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமை காரணமாகத் தடை செய்தால் அது குற்றம். அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால் நடந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த் தரப்பின் வேலை.

இவ்வளவு வலுவான பிரிவு இருந்தும் வாடகை மறுப்புக்கு வழக்கு போட்டதாக நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? காரணம் ஏற்கெனவே சொன்னதுதான். யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. தண்டனையும் ஒன்று முதல் ஆறு மாதச் சிறை, 100 முதல் 500 ரூபாய் அபராதம். ஒரு மாத வாடகைக்குக்கூட ஈடாகாத அபராதம்.

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம், பதிவு என்று எவ்வளவோ பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இது உலகத்தில் இல்லாத கோரிக்கை இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வீட்டு வாடகையில் ஒதுக்கப்படுவதை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிகாகோவில் இயக்கம் நடத்தினார். 1968 ஏப்ரல் 4 அன்று அவர் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது. பாகுபாடு அதோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் "என் வீடு, என் இஷ்டம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாத நிலை வந்தது.

"அவரவர் வீடு, அவரவர் விருப்பம்தானே" என்று நம் நண்பர்களே கேட்பதுண்டு. அவர்களை ஒருமுறை மேட்டுப்பாளையம் நடூருக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறோம். 2019 டிசம்பர் 2 அன்று விடியும் முன், மழையில் ஊறிய 20 அடி உயரச் சுவர் இடிந்து விழுந்து நம் மக்கள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அந்தச் சுவரும் ஒரு தனிப்பட்டவர் வீட்டுச் சுவர்தான். அவரவர் விருப்பம் எங்கே முடிகிறது என்பதை அந்தக் குடியிருப்பு சொல்லும்.

எங்கள் பதில்

அறை கேட்டு அழைக்கும் தம்பி தங்கைகளுக்கு இன்று நாங்கள் சொல்வது இவைதான்.

முதலில் விடுதி. சேர்க்கை ஆணை வந்த அன்றே விண்ணப்பியுங்கள், கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், பொதுவான பட்டப் படிப்புகளுக்கு விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. இரண்டும் சொற்பம்தான். இருந்தாலும் பாதியை இழக்க வேண்டாம்.

விடுதி கிடைக்கவில்லை என்றால் தனியாக அறை தேடிப் போகாதீர்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து வீடு எடுங்கள். மில் தொழிலாளர்கள் காலத்திலிருந்தே இந்த ஊரில் லைன் வீடுகள் உண்டு. வசதி குறைவு, ஆனால் பக்கத்து வீட்டில் உழைக்கும் மக்கள் இருப்பார்கள். கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தாலும் நிம்மதியாகத் தூங்கும் இடம் நல்ல இடம். பெண்கள் தனியார் விடுதியில் சேர்ந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுத்தால் எழுதி வையுங்கள். தேதி, நேரம், தெரு, சொன்ன வார்த்தை. அதே நாளில் வேறு சாதி நண்பர் ஒருவரை அதே வீட்டுக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கு "போயிருச்சு" என்ற வீடு அவருக்கு "வந்து பாருங்க" என்றால், அது ஆதாரம். சாதி ஒழிப்பு பேசும் நண்பர்களுக்கு இதைவிட நல்ல வேலை நாங்கள் தர முடியாது.

மூத்தவர்களுக்கு, அதாவது எங்களுக்கே, ஒரு வார்த்தை. நம்மில் இன்று இந்த ஊரில் சொந்த வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். மாடியை வாடகைக்கு விடும்போது நாம் என்ன கேட்கிறோம்? பறையர் வீட்டில் அருந்ததியர் பிள்ளைக்கு இடம் உண்டா? பள்ளர் வீட்டில்? "நம்ம ஆளுங்களா?" என்ற கேள்வியை நாமும் கேட்டால், வடவள்ளி வீட்டுக்காரரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? கொங்கில் துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் எல்லோரும் கடைசியாகக் கதவைத் திறக்கிறார்கள். நம் கதவு முதலில் திறக்கட்டும். ஒவ்வோர் ஏப்ரலிலும் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடும் செலவில் ஒரு பங்கை, இரண்டு மாணவர்களின் அட்வான்ஸுக்கு எடுத்து வைப்போம்.

போன மாதம் ஒரு தம்பி அழைத்தான். ஆறு இடத்தில் பார்த்துவிட்டு, ஏழாவது வீட்டில் கேட்கும் முன்பே தன் ஊரையும் தெருவையும் அவனே சொல்லிவிட்டானாம். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகை மட்டும் அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துருங்க தம்பி" என்றாராம். "ஒண்ணுமே கேக்கலீங்ணா" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். வாடகை கொடுக்க முடியுமா என்று மட்டும் கேட்கும் வீடு ஓர் அதிசயமாகத் தெரிகிற நிலையில்தான் நம் பிள்ளைகள் இந்த ஊருக்குப் படிக்க வருகிறார்கள். அது அதிசயமாக இல்லாமல் போகும்வரை எங்கள் கைபேசி திறந்தே இருக்கும்.

ஜெய் பீம்.